ரங்கா பூட்ட வேண்டிய ஷாஃப்ட்

போன் வந்தப்ப நான் வண்டிக்கு அடியில மல்லாந்து கிடந்தேன். கை முழுக்க கிரீஸ். முழங்கையால தட்டி ஸ்பீக்கர்ல போட்டேன். ரங்காவோட அக்கா. "ரங்கா போயிட்டான்டா சரவணா." எங்கன்னு கேட்டேன். அவ்வளவு முட்டாள்தனமா ஒரு கேள்விய நான் யார்கிட்டயும் கேட்டதில்ல.

டெங்கு. காய்ச்சலோட ஷெட்டுக்கு வந்தவன நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் திட்டினேன். "நீ ஷாஃப்ட்ட கழட்டி வை. நான் வந்து பூட்டறேன்"னு சொல்லிட்டுப் போனான். அவன் சொன்னபடி கழட்டிட்டேன்.

திருவானைக்கோவில்ல எங்க ரெண்டு பேரோட ஷெட்டுக்கு வண்டி விட்டவங்களுக்குத்தான் இத எழுதுறேன். நான் பாலிடெக்னிக்க பாதில விட்டவன், அவன் பி.காம பாதில விட்டவன். ஸ்ரீரங்கத்து அய்யங்கார் பையன் கிரீஸ்ல கைய விட்டதுக்கு அந்தத் தெருவே பேசுச்சு. அவன் கண்டுக்கல. ஃபோர் வீல் வண்டின்னா அவனுக்கு உசுரு. அதுலயும் சென்டர் பேரிங்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். பெரிய வண்டில இஞ்சின் பலத்த பின் சக்கரத்துக்குக் கொண்டு போற ஷாஃப்ட் ரெண்டு துண்டா இருக்கும். நடுவுல ஒரு ரப்பர் வளையம், அதுக்குள்ள ஒரு பேரிங், ஷாஃப்ட்டத் தாங்கிப் பிடிச்சிருக்கும்; அதான் சென்டர் பேரிங். ரப்பர் கிழிஞ்சா வண்டி கிளம்புறப்போ அடிவயித்துல உதறும். நம்ம ஆளுங்க கியர்பாக்ஸ்னு பயந்து போய் வருவாங்க. ரங்கா அடியில படுத்து ஷாஃப்ட்ட ஒரு தடவ கையால தூக்கிப் பாப்பான். "நடுவுல இருக்கறவன்டா இவன். இஞ்சினையும் பாக்கமாட்டான், சக்கரத்தையும் பாக்கமாட்டான். பிடிச்சிண்டு நிப்பான், அவ்ளோதான்"ம்பான்.

ஷெட்ல அவனும் அப்படித்தான் நின்னான். ஒருத்தர் மட்டமான பேரிங்க எங்கயோ வாங்கிட்டு வந்து இதையே போடுன்னார். நான் "இத உங்க வீட்டுப் புள்ளைங்க வெளயாடக் குடுங்க"ன்னுட்டேன். அவர் சாவிய வாங்கிட்டு எந்திரிச்சிட்டாரு. ரங்கா ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து, "சார், அவன் வாய்க்கு ஒரு ரப்பர் தேடிண்டிருக்கேன், இன்னும் கெடைக்கல. டீ சாப்டுங்கோ"ன்னான். அவர் சிரிச்சிட்டார். இப்பவும் எங்ககிட்டதான் வண்டி விடுறார்.

ஷாஃப்ட்ட பிரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பாகத்து மேலயும் சேர்த்து ஒரு கோடு போடணும். திரும்ப மாட்டுறப்போ ஒரு பல்லு மாறினாலும் வண்டி உதறும். எல்லாரும் சாக்பீஸ்ல இழுப்பாங்க, டீசல்ல கழுவினா போயிடும். ரங்கா வெள்ளை பெயிண்ட்ல குட்டியா ஒரு தென்கலை நாமம் வரைவான். பாதம் ஷாஃப்ட் மேல, ரெண்டு கோடு அதுல மாட்டுற, ரெண்டு காது வச்ச யோக்ங்கற துண்டு மேல. சேர்த்தா நாமம் முழுசாகும். பாதம் இல்லாத நாமம் போடுற ஒரு வடகலை மாமா அடியில குனிஞ்சு பாத்துட்டு, "ஏண்டா, என் வண்டிக்கு ஏண்டா பாதம் வச்சே?"ன்னார். "வண்டிகிட்ட கேட்டேன் மாமா, அது ஒண்ணும் சொல்லல"ன்னான்.

அவன் அம்மாவுக்கும் இது பிடிக்கல. "சேறு தெறிக்கற எடத்துலயாடா போடுவே?"ன்னாங்க. அவன் சொன்னான், "நான் படுத்துண்டுதானேம்மா பாக்கறேன். எனக்கு அது நெத்திக்கு மேலதான் இருக்கு."

அன்னிக்குக் கழட்டிப் போட்டது உப்பிலியபுரம் பெரியசாமி அண்ணன் வண்டி. பச்சமலையிலேர்ந்து பலாப்பழமும் மரவள்ளியும் இறக்குற பிக்கப். ரங்காவ கொள்ளிடக் கரைல விட்டுட்டு வந்தப்புறம் ஷட்டரத் தூக்கினேன். ஷாஃப்ட் ரெண்டு துண்டா தரையில கிடந்துச்சு. அவன் ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி போட்ட நாமமும் ரெண்டாக் கிடந்துச்சு. ஷட்டர இறக்கிட்டேன். அதுக்கப்புறம் போகவே முடியல. அண்ணன் போன் பண்ணாரு. வண்டியப் பத்திக் கேக்கவே இல்ல. "சாப்டியா தம்பி"ன்னார். மலைல பழம் அழுகுதுன்னு வேற ஆள் சொல்லித்தான் தெரிஞ்சுது.

காரியமெல்லாம் முடிஞ்ச அன்னிக்கு ரங்காவோட அம்மா, மாமி, என்னக் கூப்பிட்டாங்க. அழுது அழுது குரலே இல்ல. "வந்து பூட்டறேன்னு சொல்லிட்டு வந்த வண்டி ஒண்ணு இருக்காமேடா."

"இருக்கு மாமி. என்னால தொட முடியல."

"அவன் சொன்ன வார்த்தைடா அது. அந்தரத்துல விட்டுடாதே."

போனேன். புது பேரிங்க ஏத்தினேன். பழைய யோக் உள்பல்லு தேஞ்சிருந்துச்சு, புதுசு மாத்தியே ஆகணும். புதுசுல கோடு கிடையாது. பழசப் பக்கத்துல வச்சு, காது எந்தப் பக்கம் நிக்குதுன்னு பாத்துப் பாத்து மாட்டினேன். அப்புறம் அவன் பிரஷ்ஷ எடுத்து, அவன் வரைஞ்ச பாதத்துக்கு மேல ரெண்டு கோடு இழுத்தேன். கோணலாப் போச்சு.

கொள்ளிடம் பாலத்துல ஓட்டிப் பாத்தேன். டெஸ்ட்டுக்குப் போனா ரங்கா பக்கத்து சீட்ல கண்ண மூடிட்டு உக்காருவான். உதறல் இல்லன்னா, "தூக்கம் வரதுடா, குடுத்துடலாம்"பான். அன்னிக்கு அங்க அண்ணன் உக்காந்திருந்தாரு. பாலம் முடிஞ்சுது. அப்புறம், "உதறவே இல்ல தம்பி"ன்னார்.

அவன் பாதம் இப்ப பச்சமலை ஏறி இறங்குது. அவன் போட்ட ரெண்டு கோடு பழைய யோக்ல இருக்கு. அதப் பழைய இரும்புக்குப் போடல, நான் வச்சிருக்கேன். தொடைக்கவும் இல்ல.