தொட்டிக்குப் போகாத குழம்பு

புதிதாக வந்த மருமகளின் கால் ராசியை, தொழுவத்தில் நிற்கும் மாட்டின் மடி சொல்லிவிடும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அவள் வந்த பிறகு பால் ஏறினால் வீடு செழிக்கும். இறங்கினால் ஏதோ சரியில்லை. இதை யாரும் விவாதித்ததில்லை. சூரியன் கிழக்கே உதிப்பதைப் போல அதுவும் ஓர் உண்மை என்றே பத்து வயதில் நானும் எண்ணியிருந்தேன். அந்த நம்பிக்கையை இன்று நினைக்கும்போது மாட்டைவிட ஒரு கல்சட்டிதான் முதலில் கண்முன் வருகிறது. இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்தால் உள்ளே அடங்கும் அளவு. கருஞ்சாம்பல் நிறம். விளிம்பில் ஒரு பக்கம் நகக்கண் அளவுக்கு உடைந்திருக்கும். எழுமலையிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மதினி, சீராகக் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே, பழைய சேலைத் துணியில் சுற்றி அதைக் கொண்டுவந்திருந்தார். சீர்ப் பாத்திரங்களைப் பார்க்க வந்த தெருப் பெண்கள் அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். குத்துவிளக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். கல்சட்டியை ஒருவரும் தொடவில்லை.

எங்கள் வீடு மதுரையில் மாசி வீதியை ஒட்டிய ஒரு குறுகலான தெருவில் இருந்தது. அப்பாவுக்குத் தானிய மண்டி. மண்டிக்குச் சரக்கு கொண்டுவரும் விவசாயிகள் மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பது இலை போடும்வரை தெரியாது. அதனால் அம்மா எப்போதும் ஐந்தாறு பேருக்குக் கூடுதலாகவே உலை வைப்பார். பந்தியில் சோறு பற்றாமல் போவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே அவமானம். மதியம் மீந்தது எல்லாம் அந்தி விளக்கேற்றுவதற்குமுன் கொல்லையில் இருந்த கழுநீர்த் தொட்டிக்குப் போய்விடும். சோறு, சாம்பார், கூட்டு, ரசம் எல்லாவற்றையும் மாடு ஒரே முகமாகத் தின்னும். அரண்மனை மாடு என்று தெருவில் அதற்குப் பெயர். இரண்டு வேளைக்குமாக நான்கு படி கறந்தது. ஒரு நாள் குழம்பை மறுநாள் சுட வைத்து உண்பது இல்லாதவர்கள் செய்கிற காரியம் என்பது அம்மாவின் எண்ணம்.

அந்தியில் பாத்திரங்களைத் தொட்டியில் கவிழ்க்கும் வேலை, மதினி வந்த மூன்றாம் நாளே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலை தொடங்கிய அன்றே, பாதிக்குமேல் நிறைந்திருந்த சாம்பார்ப் பானையைத் தூக்கிக்கொண்டு அவர் கொல்லைப்படியில் நின்றதை நான் பார்த்தேன். கவிழ்க்கவில்லை, திரும்பி வந்தார்.

“அத்தை, இதைச் சுண்ட வச்சா நாளைக்கு ஆகும்ல?” என்று கேட்டார்.

அம்மா சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு சிரித்த சிரிப்பு அல்ல என்பதை இன்று என்னால் சொல்ல முடியும். “உங்க ஊர்ல அப்படிச் செய்வாக. இங்க நமக்கு அம்புட்டுக் கஷ்டம் இன்னும் வரலத்தா. போய் ஊத்து” என்றார். கூடத்தில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் சேர்ந்து சிரித்தார். மதினியின் காது மடல்கள் சிவந்தன. போய் ஊற்றினார்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாள்தோறும் நான்கு மணிக்கு மேல் அம்மா கோயிலுக்குப் போவார். திரும்ப விளக்கு வைக்கும் நேரம் ஆகும். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதும் அந்த நேரத்தில்தான். ஒரு நாள் வாசலில் கால் வைத்தபோதே ஒரு வாசனை என்னைப் பிடித்து இழுத்தது. அதற்கு முன் எங்கள் அடுக்களையில் அப்படி ஒரு வாசனை எழுந்ததே இல்லை. புளியும் நல்லெண்ணெயும் வெந்த பூண்டும் கலந்து, அதற்கடியில் பெயர் சொல்லத் தெரியாத ஒன்று. மதினி அடுப்பின் முன் குந்தியிருந்தார். கங்கின்மேல் கல்சட்டி. அதற்குள் திங்கட்கிழமையின் முருங்கைக்காய்ச் சாம்பார், செவ்வாயின் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அன்றைய கீரைக் கூட்டு எல்லாம் ஒன்றாகச் சுண்டி, தேன்பாகு பதத்தில் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தன. என்னைக் கண்டு முதலில் பயந்தார். பிறகு, என் முகத்தில் என்ன கண்டாரோ, ஒரு கவளம் சோற்றில் அதை வைத்துப் பிசைந்து என் கையில் உருட்டி வைத்தார்.

“மாட்டுக்கு வைக்கோலு இருக்கு, புண்ணாக்கு இருக்கு. இந்த முருங்கைக்கா என்ன பாவம் செஞ்சுச்சு, நாத்தனாரே?” என்றார்.

நான் இன்னொரு கவளத்துக்குக் கையை நீட்டினேன். இரண்டாவதைத் தருமுன் அவர் என்னிடம் சத்தியம் வாங்கினார். சாதாரணச் சத்தியம் இல்லை. மீனாட்சி மேல் ஆணை. குழம்பின் சுவையில் நான் அதன் கனத்தை உணரவில்லை.

அன்று முதல் நாங்கள் இருவரும் ஒரு கட்சி ஆனோம். வாசலைக் காவல் காப்பது என் வேலை. மீந்த சோற்றை அவர் சீரகமும் உப்பும் மிளகாயும் சேர்த்து அம்மியில் மசித்து, மறுநாள் காலை மொட்டைமாடியில் வடகமாகக் கிள்ளி வைப்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற மாட்டார். காய்ந்த வடகங்கள் மச்சில் ஒரு புதுப் பானைக்குள் போயின. அது நிறைந்ததும் இன்னொரு பானை வந்தது. தொட்டிக்குப் போனது கழுநீர் மட்டுமே. எங்களுக்கு அதில் தந்திரம் தெரிந்ததே தவிர, மாடு தெரியவில்லை. அதுதான் நாங்கள் செய்த பிழை.

சித்திரை கழிந்தபோது, மாட்டைக் கறக்க வரும் பால்காரர் செம்பை ஏந்திக்கொண்டு அம்மாவிடம் வந்தார். “தாயி, மாடு பாலை அடக்கிக்கிருது. நானும் பதினஞ்சு நாளாப் பாக்குறேன். அரைப்படி குறையுது” என்றார். வைகாசியில் அது ஒரு படி ஆயிற்று. மாட்டுக்கு மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். கொம்பில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். மாட்டு வைத்தியர் வந்து வாயைத் திறந்து பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்றார். நோய் இல்லை என்ற பிறகு மிஞ்சியது கால் ராசி ஒன்றுதான். மதினி நடக்கும்போது அம்மாவின் பார்வை அவர் பாதங்களில் விழுவதை நான் கவனிக்கத் தொடங்கினேன். மதினியும் கவனித்திருக்க வேண்டும்; கொலுசைக் கழற்றி வைத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. அந்த மாதத்தில் புது மருமகளைத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவதும், ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் போய்த் திரும்ப அழைத்து வருவதும் எங்கள் பக்கத்து வழக்கம். மதினியின் தகப்பனார் வந்து அழைத்துப்போனார். கல்சட்டியை மதினி எடுத்துக்கொள்ளவில்லை. மச்சில் வடகப் பானைகளுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வந்து எடுத்துக்கிறேன்” என்று மட்டும் என் காதில் சொன்னார்.

அவர் போன பிறகு அம்மாவே பாத்திரங்களைத் தொட்டியில் கவிழ்த்தார். சோறும் சாம்பாரும் கூட்டும் மறுபடி மாட்டுக்குப் போயின. பத்தே நாளில் பால் ஏறியது. பால்காரர் வாயெல்லாம் பல்லாகச் செம்பைக் காட்டினார். அம்மா சிரிக்கவில்லை. செம்பை வாங்கி வைத்துவிட்டு, “அப்ப நெசந்தான் போல” என்றார். அந்த மூன்று சொற்களின் பொருள் எனக்கு உடனே விளங்கிற்று. ஆவணியில் அழைக்க வேண்டாம், மாட்டுக்குக் கறவை நிலைக்கட்டும், தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று மதியம் அப்பாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா, “மாடா பேசுது? நாமதான் பேசுறோம்” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அண்ணன் சோற்றில் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பெற்றவளுக்கு எதிராக ஒரு சொல் அவன் வாயிலிருந்து வராது. ஆனால் அன்று அவன் இரண்டாம் முறை சோறு வாங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும். ஆனால் மீனாட்சி மேல் வைத்த ஆணை என் நாக்கைக் கட்டியிருந்தது. மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் நுழைந்து, பொற்றாமரைக் குளத்துப் படியில் புத்தகப் பையோடு உட்கார்ந்தேன். சத்தியத்தை மீறப் போகிறேன், முன்கூட்டியே பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அம்மனிடம் விளக்கிச் சொன்னேன். தண்டனை கொடுப்பதாக இருந்தால் கணக்குப் பரீட்சையில் கொடுக்கலாம், கண்ணில் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். பிறகு பள்ளிக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு நடந்தேன். கொல்லையில் அம்மா, முதல் நாள் இரவில் மீந்த சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு தொட்டியருகே நின்றார்.

“அம்மா, மதினி கால்ல ஒண்ணும் இல்ல. மாட்டோட சாப்பாட்டை நாங்கதான் தின்னோம்” என்றேன்.

அம்மா பானையை இறக்கி வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் ஊன்றி மச்சுக்கு ஏறினார். வடகப் பானைகளைத் திறந்து பார்த்தார். ஒரு வடகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இம்புட்டும் தொட்டிக்குப் போயிருக்குமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஒரு கையளவு அள்ளிக்கொண்டு இறங்கி வந்து பொரித்தார். நாங்கள் இருவரும் அடுப்படியில் நின்றே அதைத் தின்றோம். அம்மா இன்னும் ஒரு கை பொரித்தார்.

என் அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. அன்றிலிருந்து ஒரு வாரம் தொட்டியில் கழுநீர் மட்டும் ஊற்றினார். ஆறாம் நாள் பால்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“தாயி, பால் மறுபடி குறையுதே. மருமக எழுமலையிலல்ல இருக்கு? பெறகு யாரு காலுத் தாயி இது?”

“எங் கைதான்யா” என்றார் அம்மா. அன்று மாலையே மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கி ஊற வைத்தார்.

ஆவணி முதல் வாரத்தில் மதினியை அழைக்க அண்ணன்தான் போயிருக்க வேண்டும். அம்மா அவனைத் தடுத்துவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு தாமே புறப்பட்டார். உசிலம்பட்டிவரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி. இருபுறமும் காய்ந்த கரிசலும், நடுவே எங்கோ ஒரு கமலைக் கிணறும், குத்துக் குத்தாகச் சோளமுமாக நிலம் விரிந்து கிடந்தது. அந்த வழி முழுவதும் அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு முறை மட்டும், “இங்கிட்டு இருந்து வந்த புள்ளைகிட்டயா ஊத்துன்னு சொன்னேன்” என்றார். அது நான் கேட்பதற்காகச் சொன்னது அல்ல.

மாமியாரே நேரில் வந்து நிற்பதைக் கண்ட எழுமலை வீடு கலங்கிப்போயிற்று. மதினியின் தாயார் பாயை விரித்தார், சுருட்டினார், மறுபடி விரித்தார். மதினி கதவோரம் தலை குனிந்து நின்றார். தீர்ப்புக்காகக் காத்திருந்தார் என்பது அவர் கால்விரல்கள் தரையைப் பற்றியிருந்த விதத்தில் தெரிந்தது. அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மதினியைப் பார்த்துச் சொன்னார்:

“நேத்து உன் கல்சட்டியில நானே சுண்ட வச்சேன். அடிப் பிடிச்சுருச்சு. வந்து என்னன்னு பாரு.”

மதினி தலை நிமிர்ந்து முதலில் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவர் குரல் கேட்டது.

“கங்குல வச்சீகளா, எரிய விட்டீகளா அத்தை?”

“எரிய விட்டேன்.”

“அப்பப் பிடிக்கத்தான செய்யும்.”

அம்மாதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாய் விரித்த தாயாரையும் வண்டிக்காரரையும் தொற்றிக்கொண்டது. திரும்பும் வழியில், ‘சாமி சத்தியம் செஞ்ச வாயா இது?’ என்று மதினி என் காதைத் திருகினார். வலிக்கும்படி திருகவில்லை. அடுத்த ஆண்டுகளில் உலக யுத்தம் வந்து, அரிசிக்கு வரிசையில் நிற்கும் காலம் வந்தபோது, எங்கள் தெருப் பெண்கள் மதினியிடம் வடகம் இடவும் குழம்பைச் சுண்ட வைக்கவும் கற்றுக்கொள்ள வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், “கங்குல வைக்கணும், எரிய விடக் கூடாது” என்று சொன்னவர் அம்மா. கணக்குப் பரீட்சையில் நான் அந்த ஆண்டு தோற்றேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த வீடு இப்போதும் இருக்கிறது. தொழுவம் இருந்த இடத்தில் குளியலறை வந்துவிட்டது. அடுக்களையில் ஒரு ஃபிரிட்ஜ் நிற்கிறது; வெளியூரிலிருக்கும் அண்ணன் மகன் வாங்கிக் கொடுத்தது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் மீந்ததை எல்லாம் சின்னச் சின்னக் கிண்ணங்களில் அதற்குள் வைத்து மூடுகிறார்கள்; மூடியதோடு மறந்தும்விடுகிறார்கள். அவர்கள் ஊருக்குப் போன மறுநாள் மதினி அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கிண்ணம் கிண்ணமாக முகர்ந்து பார்க்கிறார். கெட்டதை ஒரு பக்கம் ஒதுக்குகிறார்.

“இதுவும் ஒரு தொட்டிதான், நாத்தனாரே. அந்தத் தொட்டியில போட்டாப் பாலாவது வந்துச்சு” என்கிறார்.

கெடாததெல்லாம் கல்சட்டிக்குப் போகிறது. கேஸ் அடுப்பில் கங்கு இல்லையாதலால் தீயை மிகச் சிறிதாக்கி வைத்துவிட்டு, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். விளிம்பின் உடைசல் அப்படியே இருக்கிறது. வாசனை எழுந்ததும் நான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தை மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டு போய் எதிரே உட்காருகிறேன். முதல் கவளம் எனக்கு. அப்பாவும் அம்மாவும் அண்ணனும் உண்டு எழுந்த அந்த அடுக்களையில் இப்போது மதினியும் நானும் இருக்கிறோம்.