ஓலீட்டா திறந்த ஆட்டம்

கலிபோர்னியாவில் கார்டினா என்ற ஊரின் சீட்டாட்ட கிளப்புகள் காலையிலேயே கதவைத் திறந்துவிடும். ஓலீட்டா ப்ரூவிட் மத்தியானத்துக்கு மேல்தான் போவாள். மேஜையில் இடம் காலியாக இருந்தாலும் நேரே போய் உட்கார மாட்டாள். பலகையில் பெயரை எழுதச் சொல்லிவிட்டுக் காப்பி மெஷின் பக்கம் போய் நின்றுகொள்வாள். கொஞ்ச நேரத்தில், "ஓலீட்டா பி., ஆறாவது மேஜைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கி கூப்பிடும். அந்தக் குரலுக்காகத்தான் அத்தனை நிற்பும். புருஷன் செசில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் பெயரைச் சத்தம்போட்டுக் கூப்பிட வேறு நாதி கிடையாது.

ஓக்லஹோமாவில் புழுதி கிளம்பி வயல்களை மூடிய காலத்தில் பெற்றோரோடு கலிபோர்னியாவுக்கு வந்தவள். சலவைக்கூடத்தில் ஊரார் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டே இளமை போயிற்று. ஒரே மகன் அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் பதிக்கிறான். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவான், பனி எவ்வளவு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அவள் குடியிருக்கும் டிரெய்லர் வீட்டில் ரேடியோ ஓயாமல் பாடிக்கொண்டிருக்கும். அவள் அதைக் கேட்பதில்லை. வீடு வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

ஆட்டம் போக்கர். ஆளுக்கு ஐந்து சீட்டு. கிளப்புக்காரன் சீட்டுப் போட மாட்டான், ஆடுகிறவர்களே முறை வைத்துப் போட வேண்டும். முதல் பந்தயம் கட்டி ஆட்டத்தைத் திறக்க ஒரு ஜோடி ஜாக்காவது கையில் வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் வேறு யாராவது திறக்கும்வரை வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். திறந்த பிறகு வேண்டாத சீட்டைக் கழித்துப் புதிது வாங்கலாம். ஒரு ஜோடியை இரண்டு ஜோடி வெல்லும், அதை ஒரே எண்ணில் மூன்று. அதற்கு மேல் வரிசையாக ஐந்து, அப்புறம் ஒரே சின்னத்தில் ஐந்து. மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் அதையும் அடிக்கும். ஒரே எண்ணில் நான்கு வந்தால் இன்னும் விசேஷம். ஒரே சின்னத்தில் வரிசையாக ஐந்து வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒரு கை ஓலீட்டாவுக்கு வாழ்நாளில் ஒரு தடவை வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அதை ரேடியோவிடம்தான் சொன்னாள்.

சீட்டுக்கட்டில் ஜோக்கரும் ஒருவன் உண்டு. ஆனால் அவன் அரை ஆள். ஏஸாக நிற்பான், வரிசையிலோ ஒரே சின்னத்திலோ ஓட்டை விழுந்தால் அடைப்பான். வேறு எந்த வேலைக்கும் வளைய மாட்டான்.

திறந்தவர் ஜெயித்தால், யாராவது கேட்கும்போது திறந்த சீட்டைக் காட்டியாக வேண்டும். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். பக்கத்து நாற்காலி வர்ஜில் ட்யூக்ஸ் மட்டும் விட மாட்டான். விமானத் தொழிற்சாலையில் ஒவ்வோர் ஆணியாகப் பரிசோதித்தே ரிட்டையரான மனுஷன்.

"எங்கே, திறந்த சீட்டைக் காட்டு பாப்போம்."

"ஏன்யா, என்னைப் பாத்தா திருடி மாதிரியா இருக்கு?"

"மகாராணி மாதிரி இருக்கே. கையில ராணி இருக்கான்னுதான் கேக்கறேன்."

அவள் சீட்டை அறைந்து காட்டுவாள். இந்தச் சண்டை இல்லாமல் அவளுக்குப் பொழுது போனதே இல்லை.

போன குளிர்காலத்தில் பெர்னீஸ் என்ற கிழவிக்குச் சீட்டு தடுமாற ஆரம்பித்தது. மேற்பார்வை பார்க்கும் மெர்ல் அவள் தோளில் கைவைத்து, "இன்னைக்குச் சும்மா வேடிக்கை பாருங்களேன், காப்பி நான் வாங்கித் தரேன்" என்றான். நல்லபடியாகத்தான் சொன்னான். அவள் கொஞ்ச நாள் சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள், அப்புறம் வரவில்லை. எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை. ஓலீட்டாவும் கேட்கவில்லை. அடுப்பை அணைக்க மறந்து இரண்டொரு தடவை பாத்திரம் கரிந்ததிலிருந்து பெர்னீஸின் ஞாபகம் அவளுக்கு அடிக்கடி வந்தது.

அன்று மழை. அவள் கைக்கு ஒரு ஜாக்கும் ஜோக்கரும் மூன்று சில்லறைச் சீட்டும் வந்தன. ஜோடி ஜாக் என்று திறந்தாள். வர்ஜிலைத் தவிர எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கிவிட்டார்கள். மூன்று சீட்டு கழித்து மூன்று வாங்கினாள், ஒன்றும் உருப்படியாக வரவில்லை. ஆனாலும் துணிந்து பந்தயம் கட்டினாள். கொஞ்ச நாளாகவே சீட்டைத் தாழ்த்திப் பிடிக்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது. வர்ஜில் பார்வை அந்தச் சீட்டின் பக்கம் ஒரு நிமிஷம் போயிற்று. தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"உன்னோடதுதான்."

பதிலடியை வாயில் தயாராக வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். அவனோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன வர்ஜில், கேக்கலையா?"

"எதுக்கு? உன்னை நம்ப மாட்டேனா? எடுத்துக்கம்மா."

இத்தனை வருஷத்தில் அவன் அவளை நம்பியதே இல்லை. ஓலீட்டா தன் சீட்டை மறுபடி பார்த்தாள். ஜாக். பக்கத்தில் ஜோக்கர். ஜாக்கோடு சேர்ந்து ஜோக்கர் ஜாக் ஆவானா? நேற்று ஆடவந்தவனுக்குக்கூடத் தெரியும்.

மெர்ல் அடுத்த மேஜையருகே நின்றிருந்தான். சீட்டைக் கழித்த குவியலில் தள்ளிவிட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது, நாற்காலியும் தப்பும். ஆனால் வர்ஜில் இனி ஒருநாளும் கேட்க மாட்டான். பெர்னீஸின் சோபாவில் உட்கார்வதும் இந்த நாற்காலியில் உட்கார்வதும் ஒன்றாகிவிடும். அதை நினைக்கவே அவளுக்குத் தாங்கவில்லை.

சீட்டை மலர்த்திப் போட்டாள்.

"இந்தக் கை செல்லாது. ஜோக்கரை ஜாக்குன்னு எடுத்துட்டேன். தப்பு என்னோடது."

மெர்ல் வந்துவிட்டான்.

"என்ன ஆச்சு மிஸஸ் ப்ரூவிட்?" அவன் கை அவள் தோளுக்கு எழும்பியது.

"என்ன ஆகணும்?" வர்ஜில் சீறினான். "தப்பா திறந்தா, ஒத்துக்கிட்டா. நடுவுல இருக்கிற பணம் எனக்கு. நீ போய் காப்பிக்குப் பால் இருக்கான்னு பாருய்யா!"

மெர்ல் நகர்ந்தான். ஆனால் தூரத்தில் நின்று அவளையே பார்த்தான். இனி எப்போதும் பார்ப்பான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த ஆட்டத்தில் இரண்டு ராணி வந்தது. இரண்டையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். எல்லோரும் கவிழ்த்தார்கள். நடுவில் இருந்த பணத்தை அவள் உடனே எடுக்கவில்லை.

"எங்கே," என்றது பக்கத்து நாற்காலி, "திறந்த சீட்டைக் காட்டு பாப்போம்."

ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வர்ஜில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குனிந்து, ஆணியைப் பார்ப்பதுபோல் இரண்டையும் பார்த்தான்.

"ராணிதான்," என்றான். "ம், சீட்டைப் போடு. உன் முறை."