செவ்வந்தி குதிரை ஏறிய விதம்

பிரேமலதா அக்கா சங்கரன்கோவிலில் எங்களுக்கு அடுத்த தெருவில் பிளவுஸ் தைக்கிறார். எட்டு வருடங்களுக்கு முன் இணையத்தில் வாரம் ஒரு பக்கமாகப் படக்கதை வரைந்தார். பாளையக்காரர் காலத்துப் பெண்ணான செவ்வந்திதான் நாயகி. நாற்பத்தோராம் பக்கத்தோடு கதை நின்றுபோனது.

அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அப்போது பி.ஏ. வரலாறு முதல் வருடம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா தறி ஓட்டுகிறவர். செவ்வந்தியின் சேலைக்கரை, எங்கள் தெருவில் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியில் ஓடும் அதே கரை. “அந்தக் காலத்தில் ஜக்கார்டு தறி ஏது?” என்று அந்தப் பக்கத்தின் கீழே பெயர் போடாமல் கேலியாக எழுதிவிட்டேன்.

இந்த வருடம், ஆடித்தபசுத் திருவிழா அன்று கதை மீண்டும் தொடங்கும் என்று அக்கா அறிவித்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“அது நீதானா?” என்று சிரித்தார். “ஏட்டி, அதுக்கா ஒருத்தி நிறுத்துவா? அடுத்த பக்கத்துல அவ குதிரை ஏறணும். நான் முன்கொசுவம் வச்சு இறுக்கிக் கட்டிவிட்டுட்டேன். காலத் தூக்க முடியல. அதான் அங்கனயே நிக்கா.”

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஏன் ஏமாற்றம் என்று யோசித்தபோது வெட்கமாகவும் இருந்தது.

“சரித்திரம் படிச்சவதானே நீ, சொல்லு. எப்படிக் கட்டியிருப்பா?”

போர்கள் நடந்த வருடங்கள் தெரியும். வரிகளின் பெயர்கள் தெரியும். இது தெரியவில்லை. மூன்று வருடத்தில் ஒருநாள்கூட இப்படி ஒரு கேள்வி எனக்கு ஏன் வரவில்லை?

கோவிலுக்குப் போய்த் தூண் தூணாகப் பார்த்தோம். ஒரு சிலையில் துணி மடிப்பு கால்களுக்கு நடுவே பின்னால் போயிருந்தது. பக்கத்தில் ஒரு புதுப்பெண், சேலைமேல் பெல்ட் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா இரண்டு இடுப்பையும் மாறிமாறிப் பார்த்து வரைந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்கா இரண்டு பருத்திச் சேலைகளை மூட்டி, தான் போட்டிருந்த லெகின்ஸுக்கு மேல் சுற்றி, முனையைப் பின்னால் இழுத்துச் செருகினார். குதிரைக்குப் பதில் பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி மதினியின் ஸ்கூட்டர். ஏறியதும் செருகல் உருவிக்கொண்டது.

“பிளவுஸ் குடுத்து நாலு நாளாச்சு. இங்கன என்ன கூத்து?” என்றார் மதினி.

“செவ்வந்தி சண்டைக்குப் போறா மதினி. பிளவுஸ் நாளைக்கு.”

இரண்டாம் முறை, இடுப்பில் ஒரு துண்டை முடிந்து அதற்குள் செருகினார். கால் தடையில்லாமல் மறுபக்கம் போனது.

“லெகின்ஸ் இல்லேன்னா முட்டி தெரியும்க்கா.”

“குதிரையில போறவளுக்கு முட்டி இல்லாமலா இருக்கும்? போட்டோ எடு.”

அன்றே நாற்பத்திரண்டாம் பக்கத்தை வரைந்து முடித்தார். அடியில் ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். ‘இவ்வுடை முறை மேலாய்வுக்கு உரியது’ என்று எழுதிக் காட்டினேன்.

“அப்படின்னா?”

“தெரியாதுன்னு அர்த்தம்.”

“அப்ப தெரியாதுன்னே எழுது.”

அடித்துவிட்டு எழுதினேன்: ‘இப்படித்தான் கட்டினார்களா என்று எங்களுக்குத் தெரியாது. இப்படிக் கட்டினால் ஏற முடிகிறது.’