உறை கிழித்துக் கொடுத்தவர்

அக்கா நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, வீட்டில் படித்தவர்கள் எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். ஆனால் அக்காவின் கடைசி ஆண்டுகளில் அவருக்கு வேன் ஓட்டியவனும் நான்தான்.

அக்கா பினாங்கில் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அவர் பள்ளியில் இருந்தபோதே அம்மா தவறிவிட்டார். தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறியதும் அப்பாவுக்கு வேலையும் போனது, வீடும் போனது. ஜார்ஜ் டவுனில் ஓர் அறைக்கு வந்தோம். ஐந்தாம் படிவம் முடித்த அக்கா, பள்ளிகளுக்கு ஆய்வுக்கூடச் சாமான் விற்கும் கம்பெனியில் தட்டச்சராகச் சேர்ந்தார். பிறகு அங்கேயே விற்பனைப் பிரதிநிதி ஆனார். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், "நேரம் இல்ல லா" என்பார். நான் ஜுருவில் கார்ப் பட்டறை, பிறகு கப்பல், பிறகு தாய்லாந்தில் மீன் லாரி என்று சுற்றிக்கொண்டிருந்தேன். எப்போது திரும்பினாலும் எனக்குச் சோறு இருந்தது. எங்கே போனாய் என்ற கேள்வி இருந்ததில்லை.

அறிவியல் கல்விக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் அக்கா போவார். மற்ற கடைகளில் 'தொடாதீர்கள்' என்று அட்டை வைத்திருப்பார்கள். அக்கா தன் மேசையில் ஒரு வெங்காயத்தையும் பிளேடையும் வைப்பார். தோலை மெல்லிசாக உரித்துக் சிறு கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நுண்ணோக்கியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிடுவார். அவர்களே திருகிப் பார்க்க வேண்டும். ஒருமுறை பக்கத்துக் கடைக்காரர் தாங்காமல் சொன்னார்:

"அக்கா, டிஸ்பிளே செட் எல்லாம் நாசமாயிடும் லா."

"தொடாம எப்படி தம்பி வாங்குவாங்க? நீ போட்டிருக்கிற சட்டைய தொட்டுப் பாக்காமயா வாங்கின?" அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆமா, அப்படித்தான் தெரியுது" என்றார்.

அக்கா படித்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்ததாம். கண்ணாடி அலமாரியில், பிளாஸ்டிக் உறையோடு. பள்ளியை விட்டு வரும்வரை அது அப்படியேதான் இருந்ததாம். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நின்றிருந்தபோது, கேட்காமலே சொன்னார். அதனால்தானோ என்னவோ, எந்தப் பள்ளிக்குச் சாமான் கொண்டுபோனாலும், உறையைத் தானே கிழித்து, ஒரு பிள்ளையாவது பார்த்த பிறகுதான் வேனில் ஏறுவார்.

சென்ற ஆண்டு நுரையீரலில் நோய் முற்றியிருந்தது. கடைசிக் கண்காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெங்காயம் உரித்தார். அங்கே நிபோங் திபால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்று நுண்ணோக்கிக்குச் சொல்லிவைத்தது. பெட்டி வந்து சேர்ந்தபோது அக்கா மருத்துவமனையில் இருந்தார். வேறு ஆள் கொடுத்துவிடலாம் என்றது கம்பெனி. "நான் கொண்டு போகணும்" என்றார் அக்கா. அரை நாள் அனுமதி கிடைத்தது. பின் இருக்கையில் பெட்டியும் ஆக்சிஜன் சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

பள்ளியில் தலைமையாசிரியர் சிவப்பு ரிப்பனோடு காத்திருந்தார். நல்ல மனிதர். நாங்கள் ஒய்பி என்று அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு.

"அதுவரைக்கும் பிரிக்க வேணாம் அக்கா. பெட்டியோட இருந்தாத்தான் மரியாதையா இருக்கும்."

"ஒய்பி எப்ப சார் வர்றாரு?"

"தீபாவளி முடிஞ்சு."

அக்கா என்னைப் பார்த்தார். தீபாவளிவரை அவர் இருக்க மாட்டார் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"ஒய்பி வெட்டப்போறது ரிப்பனத்தானே சார்? அத பெட்டியில கட்டி வைங்க. பெட்டிக்குள்ள சாமான் இருக்கணும்னு யார் சொன்னா?"

தலைமையாசிரியர் ரிப்பனை மேசைமேல் வைத்தார். பிறகு அவரே கத்தரிக்கோலை எடுத்து நீட்டினார். அக்காவுக்குக் கையில் பலமில்லை. நான் நுண்ணோக்கியை வெளியே எடுத்து உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவர் வெட்டினார். பைக்குள் வெங்காயம் தயாராக இருந்தது. முதலில் பார்த்த சிறுமி, "டீச்சர், செங்கல் சுவர் மாரி இருக்கு!" என்று கத்தினாள். திரும்பும் வழி முழுக்க அக்கா, "செங்கல் சுவராம்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தீபாவளிக்கு முன்பே அக்கா போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்த விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ரிப்பனை வெட்டிப் பெட்டியைத் திறந்த சட்டமன்ற உறுப்பினர் உள்ளே ஒன்றும் இல்லாததைக் கண்டு விழித்தார். "சாமான் வகுப்புல வேலையா இருக்கு ஒய்பி, வாங்க" என்று தலைமையாசிரியர் அழைத்துப் போனார். அங்கே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒய்பியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும், தொலைவிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

இன்று பிரார்த்தனை முடிந்ததும் எல்லாரும் தேநீர் அருந்திவிட்டுப் போக வேண்டும். நல்ல நாளைக்கு என்று நாங்கள் அலமாரியில் பூட்டிவைத்திருந்த பூப்போட்ட கோப்பைகளைத்தான் எடுத்திருக்கிறோம். கை தவறி உடைந்தால் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.