ஐந்து ஃபைட்டர்களும் ஒரு சின்னத் தொட்டியும்

இன்னொரு தடவை சண்டைச் சத்தம் கேட்டால் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிடுவேன் என்று ஹவுஸ் ஓனர் அம்மா கத்திவிட்டுப் போன அன்றுதான், மீன் வளர்ப்பதென்று எங்கள் அறையில் முடிவானது. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அமைதியாகுமாம். கம்பெனி பஸ்ஸில் யாரோ அக்காவிடம் சொன்னார்களாம். சரி, எந்த மீன்? ஃபைட்டர்! அமைதிக்கு வாங்குகிற மீனின் பெயரே இப்படி இருக்கிறதே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்கு வந்து சில வாரங்களே ஆனவள் நான்.

அக்கா என்பது அறையின் மூத்தவள், செய்யாறுப் பக்கத்துக்காரி. ஜன்னலோரம் அவள் பாய். ஃபேனுக்கு நேர் கீழே ஒருத்தி, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி, பீரோ மறைவில் ஒருத்தி. கடைசியாக வந்த எனக்கு கக்கூஸ் கதவோரம். டிப்ளமோ முடித்துத் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்தது இந்த ஈரத் தரைக்குத்தானா என்று ஆத்திரமாக வரும். அதைவிட ஆத்திரம், நான்கு பேரும் என்னோடு சண்டைகூடப் போடாததுதான். வாளிக்கும் ஹேங்கருக்கும் தங்களுக்குள் அப்படி அடித்துக்கொள்வார்கள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஊரில் மாமா மகன் மாப்பிள்ளையாகத் தயாராக இருந்தான். "அங்க புடிக்கலன்னா மாசக் கடைசில வந்துருட்டி, தை பொறந்ததும் முடிச்சிருவோம்" என்று அம்மா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவனைப் பிடிக்காது. ஆனால் இங்கே என்னை யாருக்கும் பிடிக்கவில்லையே, என்ன செய்ய?

மீனுக்கு வருகிறேன். ஆண் ஃபைட்டர் இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்று சாகும்வரை விடாது, பெண் என்றால் ஒன்றாக இருந்துகொள்ளும் என்றார் ஸ்ரீபெரும்புதூர் மீன்கடைக்காரர். ஆளுக்கொரு பெண் மீன் என்று ஏற்பாடு. ஆனால் ஷிஃப்ட்டில் கிடக்கிறவர்களுக்கு வார லீவு ஒரே நாளிலா வரும்? அவரவர் லீவன்று அவரவர் போய் ஒவ்வொன்றாக வாங்கி வந்து விட்டோம். முதலில் வந்த அக்காவின் சிவப்பு, மொத்தத் தொட்டியையும் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டது. பின்னால் வந்தவை அதனிடம் கடி வாங்கி ஆளுக்கொரு மூலையைப் பிடித்தன. என்னுடைய நீலம் கடைசி. நான்கும் சேர்ந்து துரத்தின. வால் கிழிந்து, நிறம் வெளுத்து, ஃபில்டருக்குப் பின்னால் ஒட்டிக்கிடந்தது. தீனி போட்டால்கூட வெளியே வரவில்லை.

அதற்காக நான்கு பேரும் உருகிய உருக்கத்தைப் பார்க்க வேண்டுமே! "ஐயோ பாவம்டி, புதுசா வந்தத இப்டியா தொரத்துங்க? மனசாட்சியே இல்லியா?" என்று அக்கா கண்கலங்கினாள். கக்கூஸ் கதவோரம் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவே என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒண்ணொண்ணாவா வுட்டீங்கோ? எல்லாத்தியும் வெளிய எடும்மா. கல்லு, செடி அத்தினியும் எடம் மாத்தி வையி. எது எவ எடம்னே தெரியக் கூடாது. அப்பால மொத்தமா வுடு."

"சண்ட நின்னுடுமா?" என்றாள் அக்கா.

"அது எங்க நிக்கும்? கடிய ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சிக்கும். ஒருத்தியே வாங்கிக்கினு சாவ மாட்டா." அப்படியே நாலைந்து கொத்துச் செடியையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

சொன்னபடி செய்தோம். சிவப்பு தன் பழைய மூலையைத் தேடித் தேடி ஓய்ந்துபோனது. என் நீலம் செடிக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது, தீனி தின்றது. மறுநாள் இன்னொருத்தியின் மஞ்சள் மீனை நறுக்கென்று ஒரு கடி கடித்தது. அறையே கைதட்டியது.

அடுத்த வாரம் என் லீவு நாளில் மற்ற நால்வரும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்தார்கள். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பீரோவை எதிர்ச் சுவருக்குத் தள்ளினேன். துணிக்கொடியை அவிழ்த்து வேறு பக்கம் கட்டினேன். ஐந்து பாய்களையும் சுருட்டி நடுவில் குவித்தேன். விரட்டினால் ஊருக்குப் போவதற்கு என் பையையும் கட்டி வைத்துக்கொண்டேன்.

நால்வரும் வந்து வாசலிலேயே நின்றார்கள். டிபன் பையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இன்னாடி இது?" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும் எடம் மாத்தி வைக்கணும்னு மீன்கடக்காரர் சொன்னாருல்லாக்கா."

அக்கா டிபன் பையை வாசலிலேயே போட்டாள். பிறகு ஆரம்பித்ததே ஒரு சண்டை! என் வாளியை எவ தொட்டது, திருநெல்வேலிக்காரிக்கு இன்னா கொழுப்பு, நேத்து வந்தவளுக்கு இன்னா திமிரு. நான் விடுவேனா? அத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். தொண்டை வறண்டபோது ஒரு முடிவு வந்தது. ஜன்னலோரம் எனக்குக் கிடைத்ததா? நன்றாகக் கிடைத்தது! அக்கா முதல் ஆளாகத் தன் பாயை அங்கே விரித்துவிட்டாள். ஆனால் கக்கூஸ் கதவோரம் மட்டும் இனி ஷிஃப்ட் மாதிரி, வாரத்துக்கு ஒருத்தி. முதல் வாரம் யார் என்று அடுத்த சண்டை தொடங்கியது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"மாசக் கடைசில வாரியாட்டி? என்ன அங்க ஒரே சத்தமா கெடக்கு? யாரு சண்ட போடுதா?"

"எங்க ரூம்லதாம்மா."

"யாருகூட?"

"என்கூட." சத்தத்துக்கு மேலே கத்தினேன். "என்கூடத்தாம்மா போடுதாங்க. நான் வரலம்மா."