பூனாகலை டிரக்டருக்கு வந்த பிஸ்டன்

எஞ்சின் பழுதுபார்க்கிற தொழிலில் ஒரு வசதி, எஞ்சின் பொய் சொல்லாது. கஷ்டமெல்லாம் அதைக் கொண்டுவருகிறவர்களோடுதான். வெல்டிங், வயரிங், தையல் மெஷின் என்று எதையாவது பிரித்துப் பூட்டிப் பிழைக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இது தெரியும். என் கராஜ் மலையகத்தில், பண்டாரவளையில் இருக்கிறது. போன வருஷம் ஒரு சின்ன டிரக்டரோடு நான்கு நாள் மாரடித்தேன். அந்த நான்கு நாளுக்காக அல்லாஹ்வுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குளிப்பாட்டிய எஞ்சின்

அந்த இரண்டு பேர் பூனாகலையைச் சேர்ந்த முத்துலிங்கமும் அவர் மனைவி ராஜேஸ்வரியும். தேயிலைத் தோட்டத்தில் பறிக்கிற கொழுந்தை நிறுவைக் கொட்டிலிலிருந்து ஃபெக்டரிக்கு ஏற்றிப் போகிற வேலை அவர்களுடைய டிரக்டருக்குக் கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வியாழக்கிழமை மேட்டில் ஏறும்போது எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலையில் டிரக்டர் வந்து நிற்காவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகத் தோட்டத்தை நடத்துகிற துரை சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள்.

“சூடேறிச்சா தம்பி?” என்று கேட்டேன். இல்லவே இல்லை நானா என்றார் முத்துலிங்கம். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினைப் பிரித்தால் நடுச் சிலிண்டரின் பிஸ்டன் பக்கமெல்லாம் உரிந்து, ஒரு ரிங் உடைந்து, பிஸ்டன் ஓடுகிற லைனர் குழாயும் கீறிக் கிடக்கிறது. ரேடியேட்டரில் பொத்தல், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு பீலி இருக்கிறது, பீலியில் ஐஸ் மாதிரித் தண்ணீர் கொட்டுகிறது. கொதிக்கிற எஞ்சின்மேல் அதை ஊற்றினால் சிலிண்டர் சட்டென்று சுருங்கிப் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

“சூடாக நான் எங்க நானா விட்டேன்? ஒவ்வொரு பீலியிலயும் நிப்பாட்டி, தலையோட தண்ணி ஊத்திக் குளிப்பாட்டித்தானே கொண்டு போனேன்!”

அரை டிக்கட் பயணி

பழைய பிஸ்டனையே ஈயம் வைத்துத் தேய்த்துப் போட முடியாதா என்று ராஜேஸ்வரி கேட்டார். முடியாது, ஓட்டைச் சட்டி வேறு, பிஸ்டன் வேறு. பண்டாரவளைக் கடைகளில் அந்த அளவு இல்லை. பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒருவரோடு எனக்கு ஆறேழு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கியர்பெட்டி விஷயத்தில் நான் வாய்க்கு வந்தபடி பேசியிருந்தேன். வெட்கத்தை விட்டு அவருக்கே போன் பண்ணினேன். கொழுந்து வண்டி என்றதும் மனிதர் பழசையெல்லாம் எடுக்கவேயில்லை. குடவுனில் மூட்டை மூட்டையாகப் புரட்டி, பிஸ்டனும் லைனரும் கண்டுபிடித்து, சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவைத்தார்.

நான் பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றேன். பழைய சேலைத் துணியில் சுற்றி, கயிறு கட்டிய பொட்டலத்தைக் கொண்டக்டர் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாராம். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. மிதிபலகையில் தொங்கியபடி கத்தினார்:

“பிள்ள வழியில அழவே இல்ல நானா, அதனால அரை டிக்கட்டும் வெட்டல!”

மூன்று பட்டை

முத்துலிங்கமும் ராஜேஸ்வரியும் கராஜிலேயே காத்துக் கிடந்தார்கள். அன்று பகல் லைனரை இறக்கினேன். பிஸ்டனுக்கு ரிங் மாட்டி, கனெக்டிங் ரொட் என்கிற தண்டோடு சேர்த்து, எண்ணெய் தடவி, சுத்தமான துணியால் மூடி வைத்துவிட்டு பிற்பகல் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனேன். திரும்பி வந்து துணியைத் தூக்கினால் பிஸ்டனின் தலையில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமப் பொட்டு. போதாததற்குப் பக்கமெல்லாம், ரிங் இடுக்கெல்லாம் விபூதி.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. எஞ்சினுக்குள் தூசு போகக்கூடாது என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறவன் நான். “என்ன தங்கச்சி இது, வேல தெரிஞ்ச மனுசன் பூட்டி வச்சதத் தொடலாமா? இத அப்பிடியே இறக்கினா ரெண்டு நாள்ல லைனரத் தின்னுருமே!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். முத்துலிங்கம் மெதுவாக வெளியே நழுவிவிட்டார். ராஜேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீங்க இருக்கையில பூசினா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் நானா, தொழப் போகட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

மெட்டி அளவு வளையம்

அதற்குமேல் என்ன கத்துவது? எல்லாவற்றையும் மறுபடி கழற்றி டீசலில் கழுவ உட்கார்ந்தேன். பிஸ்டனையும் ரொட்டையும் சேர்க்கிற பின் நழுவாமலிருக்க, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கம்பி வளையம் போடுவோம். சர்க்ளிப் என்று பெயர், கால்விரல் மெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பக்கத்து வளையத்தைக் கழற்றினேன். மறு பக்கம் திருப்பினால் பள்ளம் காலியாக இருக்கிறது.

வளையம் எண்ணெய்த் தட்டில் கிடந்தது. பகலில் போன் பேசிக்கொண்டே பூட்டியிருக்கிறேன், போட மறந்திருக்கிறேன். அப்படியே இறக்கியிருந்தால் பின் நழுவி லைனரைக் கிழித்திருக்கும். எஞ்சின் முத்துலிங்கத்தின் கையில், கொழுந்துப் பாரத்தோடு, ஏதாவது ஒரு வளைவில் இறுகியிருக்கும். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் இப்போதுதானே தெரு முழுக்கக் கேட்க அந்தப் பெண்ணைத் திட்டினேன்? கூப்பிட்டு, வளையத்தைக் காட்டி, நீங்கள் பூசியிருக்காவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். ராஜேஸ்வரி அதை உள்ளங்கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

“ஆளுக்கொரு தப்பு நானா, ரெண்டையும் கழுவியாச்சு. இந்தாங்க, தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் பூட்டுங்க.”

துரை சொன்னது

ஞாயிற்றுக்கிழமை எஞ்சினைப் பூட்டி, ரேடியேட்டர் பொத்தலைப் பற்றவைத்து, மத்தியானத்துக்குமேல் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் சுத்தமாக இருந்தது. விபூதியை இந்த முறை நானே பொனட்டைக் காட்டிப் பூசச் சொன்னேன். சாயங்காலம் இரண்டு பேரும் புறப்பட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். நாலரை மணிக்கு முத்துலிங்கம் போன் பண்ணினார். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம், அதற்கும் பின்னால் எஞ்சின் சத்தம்.

“மூணு நட கொழுந்து போயிருச்சு நானா. தொர வந்து சுத்திப் பாத்தாரு, ஒண்ணுமே சொல்லல. ஒண்ணுமே சொல்லலேன்னா, எங்க தொரைக்கு ரொம்ப சந்தோசம்னு அர்த்தம்!”

இத்தனை வருஷமும் வாடிக்கையாளர்களை நான்தான் பொறுத்துக்கொள்கிறேன் என்று ஊரெல்லாம் அலுத்துக்கொண்டு திரிந்தேனே, அவர்கள் யாரும் என்னைப் பற்றி அப்படி அலுத்துக்கொள்ளாததற்கு எந்தப் பள்ளியில் போய்த் தொழுது நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை.