மீதி முப்பது புள்ளி நான்கு

ஓய்வு பெற்ற பிறகும் காக்ஸ் டவுனில் ஒரு தனியார் கல்லூரிக்கு வேதியியல் வினாத்தாள் எழுதிக் கொடுக்கிறேன்; விடைத்தாள்களையும் நானே திருத்துவேன். இந்த முறை மாதிரித் தேர்வு. ஐம்பத்தெட்டுத் தாள்கள். மூன்று முறை எண்ணிக் கட்டி ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வினாத்தாளின் பிரதியை வைத்துக்கொண்டு, பழக்கத்தில், கண்ணில் பட்ட எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவது கேள்வி: ஒரு சேர்மத்தில் நிறைப்படி சோடியம் 29.1 சதவீதம், கந்தகம் 40.5 சதவீதம், எளிய விகித வாய்பாட்டைக் காண்க. மொத்தம் 69.6. மறுபடி கூட்டினேன். 69.6 தான். 'மீதி ஆக்சிஜன்' என்று நான் எழுதவே இல்லை. அச்சடித்தவர்கள் விட்டிருக்கலாம் என்ற நப்பாசையில் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்தேன். அதிலும் இல்லை.

ஆக்சிஜன் உண்டென்று தெரிந்தால் கணக்கு எளிது. ஒவ்வொரு சதவீதத்தையும் அந்தந்தத் தனிமத்தின் அணு நிறையால் வகுத்து, கிடைப்பவற்றில் சிறியதால் மறுபடி வகுத்தால் ஒன்று, ஒன்று, ஒன்றரை என்று வரும். அரை அணு கிடையாது; எல்லாவற்றையும் இரட்டித்தால் Na₂S₂O₃. ஆக்சிஜனைச் சொல்லாவிட்டால் NaS தான் வரும். பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்தவர்கள் தப்பித்தார்கள். கேட்டதற்கு நேர்மையாக NaS என்று எழுதிய இருபத்து மூன்று பேருக்கு நான் பூஜ்யம் போட்டிருந்தேன்.

என் மதிப்பெண் குறிப்பைப் பார்த்தேன்: அவர்களில் முப்பத்து நாலாம் எண் மாணவி இரண்டு மதிப்பெண்ணில் தேர்ச்சியைத் தவறவிட்டிருந்தாள். இந்தக் கேள்விக்கு மூன்று. தவறியவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அங்கே ஹால் டிக்கெட். பத்து மணிக்குப் பட்டியல் ஒட்டுவார்கள். மணி ஒன்பது பத்து.

"காப்பி ஆறுது. குடிச்சிட்டுப் போங்களேன், காலேஜ் என்ன ஓடியா போயிடும்?" என்றாள் மனைவி.

ஆட்டோ மூன்று சிக்னலில் நின்றது. கல்லூரி மாடிக்கு முப்பத்தாறு படி.

"இதுக்கா சார் இப்படி மூச்சு வாங்க ஓடி வந்தீங்க?" என்றார் துறைத் தலைவி. என்னைவிட முப்பது வயது இளையவர். "மூணு மார்க்தானே, விடுங்க சார். மெயின் எக்ஸாம்ல பாத்துக்குவாங்க."

"ஒரு பொண்ணு ஃபெயிலும்மா. முப்பத்து நாலு."

"அய்யோ, அவங்க அப்பாவுக்கு எட்டரைக்கே போன் போட்டாச்சே. ஜீவனஹள்ளியிலேருந்து வந்துட்டே இருப்பாரு."

கட்டைப் பிரித்து அவள் தாளை எடுத்தேன். NaS என்ற விடைக்கு மேல் ஒரு வரி எழுதி அடிக்கப்பட்டிருந்தது. அடித்துவிட்ட வரியை விடைத்தாள் திருத்துபவர் படிப்பதில்லை. நானும் முதலில் படிக்கவில்லை. இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 100 − 69.6 = 30.4? என்று எழுதி, பிறகு கேள்வி சரியாகத்தான் இருக்கும் என்று என்னை நம்பி அடித்திருக்கிறாள்.

இருபத்து மூன்று தாளிலும் மூன்று போட்டு மொத்தத்தை மாற்றினேன். ஒரு கூட்டலை இரண்டு தரம் செய்தேன். துறைத் தலைவி பட்டியலை மறுபடி அச்சடிக்கச் சொல்லிவிட்டு, "ரிடயர் ஆனாலும் எங்களுக்கு வேலை வைக்கறீங்க சார்" என்றார்.

அப்போது கதவருகே ஒருவர் வந்து நின்றார். கம்பெனிச் சட்டை, கையில் ஹெல்மெட். முப்பத்து நாலின் அப்பா என்று துறைத் தலைவி சொன்னதும் நான் எழுந்துவிட்டேன்.

"தப்பு என்னோடதுங்க. கேள்வியையே தப்பா கேட்டுட்டேன். உங்க பொண்ணு பாஸ்."

அவர் முகம் மலரவில்லை. "போன் வந்ததும் பஸ் ஸ்டாப்புல நாலு பேரு முன்னாடி அவள திட்டிட்டேனே சார்."

அவள் தாளை எடுத்து, அடித்திருந்த வரியை அவருக்குக் காட்டினேன்.

"மத்த கேள்வியெல்லாம் சரியாதானே சார் கேட்டிருக்கீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சரிதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பத்தொன்பதாவதையும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அவரை உட்காரச் சொல்லிவிட்டு வினாத்தாளை விரித்து, முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். அவர் உட்காரவில்லை. பதின்மூன்று வரை பிழையில்லை.

"இன்னும் எத்தனை சார்?"

"இருபத்திரண்டு" என்றேன்.